குளித்தாலும் போகாத வாசம்

சுங்கைப் பட்டாணியில் அத்தர் விற்கும் பாய் என் மணிக்கட்டில் ஒரு சொட்டு ஊது, அதுதான் அகில் எண்ணெய், வைத்தார். முதலில் ஈர மரக்கட்டை மணத்தது, பிறகு தோல்பை. கொஞ்சம் பொறுத்ததும் அடியிலிருந்து புகையும் லேசான புளிப்பும் ஏறி வந்தன.

"குளிச்சாலும் போகாதும்மா, ரெண்டு நாளு தாங்கும் லா," என்றார் பெருமையாக.

இதைத்தான் ஆசைப்பட்டு வாங்கிப் பூசிக்கொள்கிறார்களாம். சுங்கை லாலாங் பக்கம், இன்று தாமான் குடியிருப்பு வீடுகள் நிற்கும் இடத்தில் எங்கள் தோட்டம் இருந்தபோது, ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடும் கூடத்தில் நாளெல்லாம் விறகு தள்ளிவிட்டுத் தொழிலாளர் லயத்துக்குத் திரும்பும் அம்மாவின் தலைமுடியிலும் சாரோங்கிலும் தலையணையிலும் இதே வாசம்தான்; சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

பள்ளி பஸ்ஸில் பிள்ளைகள் என் சட்டையை முகர்ந்து மூக்கைப் பொத்திய அன்று, "நாறுது, கிட்ட வராத!" என்று அம்மாவிடம் கத்தினேன். மறுநாளிலிருந்து என் சட்டைக்குத் தனிக்கொடி கட்டினாள், தள்ளிப் படுத்தாள், என் தலையைப் பின்னிவிடப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

நெஞ்சில் சளி முற்றி, மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் கிடந்து அவள் இறந்தபோது, பெண்கள் குளிப்பாட்டிச் சந்தனம் பூசினார்கள். வெகுநாள் கழித்து அவள் கழுத்தில் முகம் புதைத்தேன். சோப்பும் சந்தனமும் மட்டும் மணத்தன. யாரோ ஒருத்தியின் கழுத்து அது.