எந்தக் குருணை?

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர் சபாபதியை ஊர் பார்க்க ஏசியவள் நான். அந்த மனிதரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

2008, தை மாதம். சேத்தியாத்தோப்புப் பக்கம் அறுத்த வயலில் என் முந்நூறு வாத்தும் மேய்ந்துகொண்டிருந்தன. குளிர்காலத்துக்குத் தூரதேசத்திலிருந்து ஏரிக்கு வரும் கிளுவை என்கிற காட்டு வாத்துகளில் ஒன்பது, ஒரு காலையில் நாற்றங்கால் வரப்பில் செத்துக் கிடந்தன. வங்காளத்தில் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த நேரம். கிளுவையோடு மேய்ந்த வாத்துகளைக் குழி வெட்டிப் புதை என்று ஊரே என்மேல் பாய்ந்தது. என் இரண்டு பெண்களைப் படிக்க வைத்ததே அந்த வாத்துகள்தான்.

புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவும் சபாபதியும் முகமூடி, கையுறையோடு வந்தார்கள். பொணம் தூக்க வந்துட்டான் பாரு என்று அவர் காதில் விழவே சொன்னேன். அவர் செத்த கிளுவைகளைப் பையில் போட்டுக் கட்டினார்.

டாக்டரம்மா வயல்காரர் கண்ணாயிரத்தை விசாரித்தார். நேற்று நாற்றங்காலுக்குக் குருணை போட்டேன் என்றார் அவர். டாக்டரம்மா பட்டணத்தில் வளர்ந்தவர். பறவைகளுக்கு நொய்யரிசி போட்டிருக்கிறார் என்று எழுதிக்கொண்டார். சபாபதி நிமிர்ந்தார்.

"எந்தக் குருணைண்ணே? கஞ்சி வைக்கிறதா, பூச்சிக்குப் போடுறதா?"

கண்ணாயிரம் தலையைத் தொங்கப் போட்டார். "பூச்சி மருந்துதான். குருத்துல பூச்சி ஜாஸ்தியா இருந்துச்சு."

டாக்டரம்மா எழுதியதை அடித்தார். கிளுவைகளைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை வாத்துகளைப் பட்டியில் அடைத்து வை, யாரும் கை வைக்கக் கூடாது என்று ஊருக்கும் கறாராகச் சொன்னார். பன்னிரண்டு நாளும் சபாபதி சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார். காய்ச்சல் இல்லை, விஷம்தான் என்று தாள் வந்தபோது அவர் எதிரிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஒரு கூடை முட்டையோடு போனேன். அவர் வடலூர் சபைக்குப் போகிறவராம், முட்டையைத் தொடவே மாட்டாராம். வாத்து மேய்ப்பவள் வேறு எதைக் கொடுப்பேன்?

"அதெல்லாம் வேணாம் செல்லாயி. வருஷாவருஷம் கிளுவ வந்ததும் ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

அவர் 2011இல் ஓய்வு பெற்றார். இந்தக் கார்த்திகையிலும் முதல் கூட்டம் இறங்கியதும் போன் போட்டேன்.

"எல்லாம் உசுரோட இருக்கா?" என்றார்.

"இருக்குங்க," என்றேன். "எங்களுதும் இருக்குங்க."