திண்டிவனம் மெஸ்ஸில் நான் போட்ட சத்தம்

எண்பதுகளில் ஒருநாள், விழுப்புரம் போகும் வழியில் திண்டிவனத்தில் பஸ் மாற இறங்கினேன். விழுப்புரம் பஸ் கிளம்ப அரை மணி இருந்தது. ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நடத்திய மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். கணவர் பரிமாறினார், மனைவி அடுப்படியில் நின்றார். ரசத்துக்கு வரும்போதுதான் காலடியைப் பார்த்தேன். பையைக் காணோம். உள்ளே மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சங்கிலி.

அப்போது என்னைப் பார்த்திருக்க வேண்டும். மீசையில் ரசம், விரலில் சோறு, தொண்டையில் ஒலிபெருக்கி.

"என் பையை எட்த்துட்டீங்க! போலீஸைக் கூப்புடுவேன்!"

"நல்லா தேடுங்க சார், நாங்க மானமா பொழச்சிக்கினு இருக்கோம்" என்றார் கணவர்.

நான் விடவில்லை. அந்த அம்மா வெளியே வந்து, எல்லோர் எதிரிலும் அரிசி டின்னைத் தரையில் கவிழ்த்துக் காட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள்.

அப்புறம்தான் உறைத்தது. சீட்டுப் பிடிக்க, துண்டுக்குப் பதில் பையையே பஸ் ஜன்னல் வழியாகப் போட்டிருந்த மகா புத்திசாலி நான். ஓடிப்போய்ப் பார்த்தேன். பை சீட்டில் பத்திரமாக இருந்தது.

திரும்பி வந்து, "மன்னிச்சுக்கம்மா, நான் ஒரு கோமாளி" என்று இளித்தேன். சிரிக்க வைத்தே தப்பித்துப் பழகியவன்.

அவர் சிரிக்கவில்லை. அரிசியை அள்ளிக்கொண்டே சொன்னார்: "பை கெட்ச்சிடுச்சில்ல, போங்க. எழுந்து போனவங்க யாராச்சும் பஸ்ல இருந்தா, நாங்க எடுக்கலன்னு மட்டும் சொல்லிடுங்க."

எழுந்து போனவர்களில் இரண்டு பேர் பஸ்ஸில் இருந்தார்கள். விழுப்புரம் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.