நாய்க்கும் அந்தப் பெயர்

பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தாலும் தினகரனுக்குத் தறியில் உட்காரப் பிடிக்கவில்லை. இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, காஞ்சிபுரம் கோயில்களைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு கைடு ஆனான். கார் ஓட்டுகிறவன் முசரவாக்கம் சிட்டிபாபு. பல வருஷமாக இருவரும் சேர்ந்துதான் சவாரி.

அன்றைக்குக் கூரம் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தெருநாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. சிட்டிபாபு சட்டென்று பிரேக் போட்டான். பின்சீட்டில் இருந்த இங்கிலாந்துக் கிழவர், "பரையா டாக்" என்றார்.

தினகரனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. சுருட்டு, கட்டுமரம்போல அதுவும் எங்கள் தமிழ் இங்கிலீஷுக்குக் கொடுத்த சொல்தான் என்று ஆரம்பித்தான். பறையடித்தவர்களின் சாதிப்பெயர் அது. அவர்களை ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரை ஒதுக்கப்பட்ட எவருக்கும் சூட்டி, கடைசியில் நாதியற்ற நாய்க்கும் வைத்துவிட்டார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"அந்த மக்கள் இப்போதும் இருக்கிறார்களா?" என்றார் கிழவர்.

அப்போதுதான் தினகரனுக்கு உறைத்தது. பக்கத்தில், அதே சாதியில் பிறந்த சிட்டிபாபு சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் டூரிஸ்டுகளோடு சுற்றியவனுக்கு எது புரியாது?

"அதெல்லாம் அந்தக் காலம், சார்" என்று தினகரன் மழுப்பினான். காது சுட்டது.

மறுநாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனான். சிட்டிபாபு வீடு எது என்று இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது. தன் கல்யாணத்துக்கு விடிய விடிய வண்டி ஓட்டியவன் வீடு.

"தப்பு பண்ணிட்டேன்பா" என்றான், வாசலிலேயே நின்று.

"அர்த்தம் எனக்குத் தெரியாதா? நீ சொன்னது சரிதான்" என்றான் சிட்டிபாபு. "சிரிச்சிக்கினே சொன்ன பாரு, அதான் தாங்கல. அப்பால அந்தக் காலம்னு வேற சொல்ற. நான் பக்கத்துலதானே குந்திக்கினு இருந்தேன்?"

சிட்டிபாபுவின் அம்மா எல்லம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"தினகரனா? தெனம் உன் பேரு இந்த வூட்ல அடிபடுது. இப்பதான் வழி தெரிஞ்சுதாப்பா?"

அவள் ஆசையாகத்தான் கேட்டாள். தினகரன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த சவாரிக்கும் சிட்டிபாபு சொன்ன நேரத்துக்கு வந்தான். இதுவரை "இன்னா தினா" என்று கூப்பிட்டவன், "போலாமா சார்" என்றான். அப்படிச் சொல்லாதே என்று கேட்கத் தினகரனுக்குத் துணிவு வரவில்லை.