நெரிசல் இல்லாத தொட்டி

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் நெரிசல் ஏற்பட்டதே இல்லை. குஞ்சுகள் வளர்ந்தன. விரல் நீளமாயின, பிறகு சாண் நீளமாயின. ஆனாலும் தொட்டியில் இடம் கூடிக்கொண்டேதான் போனது. எங்கோ உதைக்கிறதே என்று தோன்றும் வயது எனக்கு அப்போது இல்லை. அந்த வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் தோன்றவில்லை.

தென்காசியில் ஒரே அடுக்களையில் சாப்பிட்ட குடும்பம் எங்களுடையது. பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான், சித்தப்பா, சித்தி, அவர்களின் கைக்குழந்தை, கல்யாணமாகாத அத்தை. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை தீர அவர் எங்கள் எல்லோரையும் ஆண்டார். சித்திக்குக் குழந்தை பிறந்தபோது கொல்லைப்புறத்தில் ஓர் அறை தடுத்துக்கொள்ளலாமா என்று சித்தப்பா மெல்லக் கேட்டார். பெரியப்பா பேப்பரைத் தாழ்த்தாமல் பதில் சொன்னார்.

"எடத்துக்கு இங்கன என்னலே கொறச்சல்?"

அத்தோடு அந்த மனு தள்ளுபடியானது.

குற்றாலத்தில் சீசன் முடிந்து ஒரு பங்களாவைக் காலி செய்தபோது அங்கிருந்த கண்ணாடித் தொட்டி பெரியப்பாவிடம் வந்தது. வைக்கோல் சுற்றி மாட்டுவண்டியில் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். மீன் வேண்டுமே? மழை ஓய்ந்த ஒரு நாள் இலத்தூர்க் குளத்தங்கரையில் அவர் ஓர் அதிசயத்தைக் கண்டார். தண்ணீருக்குள் செம்மண்ணைக் கரைத்துவிட்டாற்போல ஒரு சிவப்புப் பந்து உருண்டு போனது. கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் மீன்குஞ்சு. துண்டால் அரித்துக் குடத்தில் கொண்டுவந்தார். நாற்பதுக்குக் குறையாது.

"மெட்ராஸ்ல இதுக்கு ஆளாப் பறக்கான். நமக்குக் கொளத்துல கெடக்கு" என்றார்.

அது என்ன மீன் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக மீனைச் சட்டியிலோ தட்டிலோ பார்த்தறியாத சைவக் குடும்பம். மீன் என்றால் எங்களுக்குக் கோயில் தெப்பத்தில் பொரிக்கு வாய் திறப்பது. அல்லது ராசிக்கட்டத்தில் கடைசியாக வருவது. தெரிந்திருக்கக்கூடிய ஆட்கள் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வருவதும் இல்லை.

இன்று என் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவள் நான். எதற்கும் ஒரு முறை வைத்திருப்பேன். மீன் வாங்கும்போது இருக்கிற நீளத்தைப் பார்த்து எண்ணிக்கையைத் தீர்மானிக்கக் கூடாது. வளர்ந்து முடிந்தால் வரும் நீளத்தைப் பார்க்க வேண்டும். வளர வளரப் பிரித்து வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். எது எதைத் தின்னும் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். பெரியப்பாவின் முறை வேறு. காலையில் சுவாமிக்குப் படைத்த சோற்றில் நெய் பிசைந்து ஒரு கவளம், மாலையில் பொரி. "நம்ம வீட்டு மீனும் சைவம்லா!" என்று வந்தவர்களிடமெல்லாம் வாசலில் வைத்தே சொல்வார். குஞ்சுகளின் சிவப்பு மங்கி மண்நிறத்துக்கு வந்தபோது அதையும் சைவத்தின் பலனாகவே எடுத்துக்கொண்டார்.

அவற்றில் ஒன்று என்னுடையது. வால்நுனியில் யாரோ கடித்தாற்போல ஒரு பிறை விழுந்திருந்ததால் எந்தக் கூட்டத்திலும் எனக்கு அதைத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் அதைத்தான் தேடுவேன்.

பிறகு மீன்கள் குறைய ஆரம்பித்தன. செத்து மிதந்தால் ஒரு சமாதானம் உண்டு. ஒன்றுகூட மிதக்கவில்லை. செதில் இல்லை, முள் இல்லை, தண்ணீர் கலங்கக்கூட இல்லை. நேற்று இருந்தது இன்று இல்லை, அவ்வளவுதான். பூனை என்றார் அப்பா. பெரியப்பா தொட்டியின் மேல் பலகையைப் போட்டு அதன்மேல் அம்மிக்குழவியை ஏற்றினார். அதன் பிறகும் குறைந்தன. "நீ என்னட்டி செஞ்ச?" என்று பெரியம்மாவைக் கேட்டார். வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவளைக் கேட்பதுதான் வழக்கம். அவள் ஈயம் பூசிய பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரத்தைக் கடந்து உள்ளே போய் உலகம்மனிடம், எது போனாலும் என் பிறைவால் மட்டும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மற்ற மீன்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுதலில் தெளிவு வேண்டும் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா சிவகிரிக்கு மாற்றலாகிப் போனார். கேட்டு வாங்கிய மாற்றல் என்பது பிற்பாடு தெரிந்தது. அத்தையைப் பண்பொழியில் மனைவியை இழந்த ஒருவருக்கு, அவருடைய வளர்ந்த பிள்ளைகளோடு சேர்த்து, அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். நிச்சயமான அன்று அவள் சாப்பிடவில்லை. கூடம் பெரிதாகிவிட்டது. கூப்பிட்டால் எதிரொலித்தது.

அடுத்த சாரல் காலத்தில் தொட்டியில் ஒரே மீன்தான் இருந்தது. பட்டப்பகலிலேயே விளக்கேற்ற வேண்டிய அளவுக்கு வானம் மூடிக் கிடக்கும். அந்த மங்கலில் அது அசையாமல் ஒரு கட்டையைப் போல நிற்கும். தொட்டியின் நீளத்துக்கு அது வந்துவிட்டது. திரும்புவதென்றால் உடம்பை வளைத்துத்தான் திரும்ப வேண்டும். நான் நடந்தால் அதன் கண் மட்டும் என்னோடு நடக்கும். அவ்வப்போது மேலே வந்து, மனிதர்களைப் போல, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்தச் சத்தம் அடுக்களை வரை கேட்கும். சில மத்தியானங்களில் பலகையைத் தலையால் முட்டும். குழவி ஒரு நூல் நகரும்.

அதன் வாலில் பிறை இருந்தது. உலகம்மன் சொன்ன சொல் தவறாதவள்.

பெரியப்பாவின் சிநேகிதர், துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், ஒரு நாள் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது சாரல் வலுத்தது. வேறு வழியில்லாமல் பெரியப்பா அவரைக் கூடத்துக்குள் கூப்பிட்டார். பாய் தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது, சைவ வீட்டுல வெராலு வளக்குதீய?"

"வெராலா?"

"வெராலேதான். கொழம்புக்கு..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நாப்பது குஞ்சு கொண்டாந்தேன் பாய். நெய்ச்சோறு போட்டு வளத்தேன். ஒண்ணொண்ணா எங்கன போச்சுன்னே தெரியல."

பாய் சிரித்தார். "எங்கயும் போவல அண்ணாச்சி. அம்புட்டும் உள்ளதான் இருக்கு" என்று மீனின் வயிற்றைக் காட்டினார். "வெளிய போவ வழியில்ல. போடுத சோறு எறங்கல. அது வேற என்ன செய்யும்?"

அப்போது அடுக்களை வாசலில் ஒரு சிரிப்புக் கேட்டது. பெரியம்மா. அவள் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எல்லோரும் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

மீனைக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டுவிடலாம் என்றார் அப்பா. பெரியப்பா கேட்கவில்லை. "இப்பதான் அதுக்கு நல்ல விசாலமா இருக்கு" என்றார். காலைக் கவளம் தவறாமல் விழுந்தது. சோறு அடியில் படிந்து புளித்தது. பெரியம்மா அதை அள்ளி வெளியே ஊற்றினாள். அவள் கை தண்ணீரில் இறங்கும்போது மீன் மெல்ல அந்தப் பக்கம் வளையும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

அந்த வருடமே அப்பாவும் வெளியூரில் வேலை தேடிக்கொண்டார். குதிரைவண்டியில் சாமான் ஏற்றியாயிற்று. பெரியப்பா தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், எழுந்து வரவில்லை. பெரியம்மா தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள். தண்ணீருக்கு ஊடே அவள் முகம் அகன்று, பச்சையாகத் தெரிந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவில் என் மீன் அசையாமல் நின்றது.

எனக்கு ஒரே கவலைதான் இருந்தது. வண்டி நகரும்போது அம்மாவைக் கேட்டேன்.

"இனிமே அது எதைம்மா திங்கும்?"

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அவள் வாசல் வழியே தெரிந்த தொட்டியைப் பார்க்கவில்லை, பெரியம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மீனைப் பற்றிக் கேட்டதற்கு அவள் ஏன் கையை எடுக்கவே இல்லை என்று, தெரு முனை திரும்பும் வரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.