தொட்டால் கட்டணம்

இணையத் தேடலில் விளம்பரம் கண்ணில் பட்டால் கட்டணம் இல்லை. அதை ஒருவர் தொட்டால் உண்டு. அன்றைக்கு ஒதுக்கிய தொகை தீர்ந்துவிட்டால் மறுநாள் வரை விளம்பரம் தோன்றாது. இது விளம்பர நிறுவனத்தின் நிபந்தனைகளில் நான்காம் பத்தி. முதல் மூன்று பத்திகளில் பிழை கண்டுபிடித்த திருப்தியில் நான் அதுவரை போகவில்லை. முப்பது வருடம் பிறர் எழுதிய குறிப்புகளைத் திருத்திச் சம்பளம் வாங்கியவனுக்கு வருகிற வியாதி அது.

திருவனந்தபுரம் வலியசாலையில் என் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தவள் கேரியரில் மதியச் சாப்பாடு அனுப்பிவந்தாள். கணவன் இறந்து இரண்டு வருடம். நாகர்கோவிலில் அண்ணன் வீடு இருந்தது. அண்ணியின் சமையலறையில் சம்பளமில்லாத வேலையும் காத்திருந்தது. தினம் இருபது கேரியர் போனால் வாடகை கொடுத்து இங்கேயே இருந்துவிடலாம். ஆகவே ஒரு வளையலை விற்று, ‘திருவனந்தபுரம் சைவச் சாப்பாடு’ என்று யார் தேடினாலும் தன் பெயர் மேலே வரும்படி விளம்பரம் கொடுத்தாள். ஆர்டர் காலை எட்டிலிருந்து பத்துக்குள் வரவேண்டும். அதற்குப் பிறகு வந்தால் உலை வைக்க நேரம் இருக்காது.

“நீங்கதான் பாத்துக்கணும் மாமா, கேட்டேளா” என்றாள்.

பார்த்துக்கொண்டேன். தெருவில் பென்ஷன் வாங்குகிறவர்கள் பதினோரு பேர். எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை அனுப்பினேன்: தினமும் குளித்தவுடன் விளம்பரத்தைத் தேடி, தொட்டு, திறக்கிறதா என்று சோதித்து, படம் எடுத்து, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று பதிவிடவும். எங்கள் தெருவில் ஐந்தரைக்கே குளித்துவிடுவார்கள். ஏழு மணிக்குள் பதினோரு சரிபார்ப்பும் வந்துவிடும்.

“நான் ரெண்டு தடவை தொட்டேன் ஓய், எங்காத்துலயும் தொட்டா” என்றார் பேங்க் மேனேஜராக இருந்த பக்கத்து வீட்டுக்காரர்.

“சர்வீஸ்ல ஒரு ஃபைலைக்கூட நீர் ரெண்டு தடவை தொட்டதில்லையே.”

“ஒரு தடவையே தொட்டதில்லை. தொட்டிருந்தா உம்மை மாதிரி சஸ்பென்ஷன்ல இருந்திருப்பேன்.”

இரண்டாவது வாரம் அவள் வந்து நின்றாள். “எட்டரைக்கு நானே தேடினேன் மாமா. என் பேரே இல்லை. ஏதோ ஹோட்டல்தான் மேல நிக்கறது. இன்னிக்கு மூணே மூணு கேரியர்.”

“பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்லை. ஆறு மணிக்கு இருந்திருக்கு. ரிகார்டு இருக்கு” என்று படங்களைக் காட்டினேன்.

மற்ற வளையலும் போயிற்று, தினத்தொகையை இரட்டிப்பாக்கினாள். நானும் என் பங்குக்குச் சரிபார்ப்பை ஏழரைக்கு இன்னொரு முறை என்று இரட்டிப்பாக்கினேன். பிறகு அவள் சார்பில் விளம்பர நிறுவனத்துக்குப் புகார் எழுதி, எல்லாப் படங்களையும் வரிசை எண்ணிட்டு இணைத்தேன். இரண்டு நினைவூட்டல்களும் போயின.

மலையாள மிதுன மாதக் கடைசியில் அவள் வீட்டைக் காலி செய்தாள். பேங்க் மேனேஜரும் நானும் கேரியர்களைக் கீழே கொண்டுவந்து வேனில் ஏற்றினோம்.

“பதில் வந்தா சொல்லுங்கோ மாமா. யாரு இப்படிப் பண்ணினான்னு தெரிஞ்சாப் போறும்.”

“சொல்லாம இருப்பேனா?” என்றேன்.

அடுத்த மாதம் பிறந்த அன்றே பதில் வந்தது, இரண்டே வரி. நான் இணைத்திருந்த படங்களையே சான்றாகக் காட்டி, ஒவ்வொரு தொடுதலுக்கும் கட்டணம் கழிக்கப்பட்டதாகவும், தினமும் எட்டு மணிக்கு முன்பே தொகை தீர்ந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். அதைத் தெருக் குழுவில் நான் போடவில்லை. அவளுக்கும் அனுப்பவில்லை. அச்செடுத்துக் கோப்பில் சேர்த்து, ஓரத்தில் வரப்பெற்ற தேதியை மட்டும் குறித்தேன்: கர்க்கடகம் ஒன்று.