அரை மிதி

அவரை மற்ற ஓட்டுநர்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பாத்துக்கலாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். டயர் வழுக்கையாகிவிட்டது என்றால் பாத்துக்கலாம். கடைவாய்ப் பல் ஆடுகிறது என்றால் பாத்துக்கலாம். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று மனைவி சொன்னால், அடியில் ஒரு வாளியை இழுத்து வைத்துவிட்டு, பாத்துக்கலாம். மனிதர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஊர் வம்புக்குப் போக மாட்டார். ஆனால் ஒரு வேலையைத் தள்ளிப்போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவருடைய லாரிக்கு இருபத்தெட்டு வயது. மாவு ஆலையிலிருந்து ரொட்டித் தொழிற்சாலைக்குத் தினமும் தொண்ணூறு மூட்டை. பதினோரு வருஷமாக அதே பாதை, அதே வாசல். ஓடும்போது வண்டியை ஒரு குறை சொல்ல முடியாது, மேட்டில்கூட முனகாமல் ஏறும். நின்றால்தான் வினை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் ஏறி இறங்கும், குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி உடம்பெல்லாம் உதறும், இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிவிடும். அடங்கியதை எழுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சூட்டில் செல்ஃப் பிடிக்காது, நாலு பேர் தள்ள வேண்டும். பின்னால் பத்து லாரி வரிசை கட்டி நிற்கிற இடத்தில் எவன் வந்து தள்ளுவான்?

இதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம்தான் அவருடைய மனைவி.

ஒருநாள் வழியில் எங்கோ இறங்கிக்கொள்வதற்காக வண்டியில் ஏறினாள். அன்றைக்குப் பார்த்து வாசலில் எஞ்சின் உதறத் தொடங்க, "சரக்குச் சீட்டைக் குடுத்துட்டு வந்துடறேன், இதைக் கொஞ்சம் மிதிச்சுக்கிட்டு இரு" என்று அவளை ஓட்டுநர் இருக்கைக்கு நகர்த்திவிட்டு இறங்கிப் போனார். அவர் திரும்பி வருகிற வரை எஞ்சின் நின்றது, அதாவது நிற்காமல் ஓடியது. மறுநாளிலிருந்து அவள் தினமும் வந்தாள். ஆறு வருஷம்.

பெடலின் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டால் போதாதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். வைத்தும் பார்த்தார். தொழிற்சாலையே அதிர எஞ்சின் அலறியது. அந்த எஞ்சினுக்கு ஒரே அளவு மிதி ஒத்துவராது. அது தாழும்போது ஒரு இம்மி கூட்ட வேண்டும், எகிறும்போது ஒரு இம்மி குறைக்க வேண்டும். செங்கல்லுக்கு அது தெரியாது. அவளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. வரிசையில் அரை மணி, மூட்டை இறக்க ஒன்றரை மணி என்று தினமும் இரண்டு மணி நேரம், முழுக்க அழுத்தவும் கூடாமல் எடுக்கவும் கூடாமல், வலது காலை அரை மிதியில் நிறுத்தியபடி அந்தத் தகரக் கொதிப்புக்குள் உட்கார்ந்திருப்பாள். அவர் மதில் நிழலில் மற்ற ஓட்டுநர்களோடு தேநீர் குடித்துக்கொண்டு உலக நியாயம் பேசிக்கொண்டிருப்பார். வரிசை நகர்ந்தால் மட்டும் ஓடி வந்து ஏறுவார். "பாத்துக்கலாம் வண்டிக்கு ரெண்டு டிரைவர்டா, ஓட்ட ஒருத்தர், நிறுத்த ஒருத்தர்" என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வாசலில் காவலாளி ஒரு பெரிய நோட்டில் வண்டி எண், ஓட்டுநர், உதவியாள் என்று மூன்று கட்டம் வைத்திருந்தார். முதல் நாள் அவளைப் பார்த்து, கூட வந்திருப்பது உதவிக்கா என்று கேட்டார். "இல்லைங்க, வீட்டுக்காரி. சும்மா கூட வரா." காவலாளி உதவியாள் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. கோடு தானாக விழுந்துகொண்டிருந்தது.

அவளுடைய கெண்டைக்கால் சாயங்காலமானால் வீங்கும். தைலம் தேய்த்துக்கொண்டு, தலையணையில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பாள். வண்டியை ஒருநாள் பட்டறையில் விடலாமே என்று அவ்வப்போது சொல்லிப் பார்ப்பாள். ஒருநாள் விட்டால் அந்த நடையை வேறொருத்தன் பிடித்துக்கொள்வான் என்பார் அவர். அதற்கு மேல் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு காலையில் வண்டிப் படியில் கால் வைத்தவள் மூச்சு வாங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மருத்துவமனையில் டாக்டர் அவள் காலை அழுத்திப் பார்த்தார். என்ன வேலை பார்க்கிறார்கள், ரொம்ப நேரம் காலை அசைக்காமல் தொங்கப் போட்டு உட்காருகிற வேலையா என்று கேட்டார்.

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சும்மா என்கூட வண்டில வருவா."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தார். கட்டிலில் கிடந்தவள் அதைக் கேட்டாள். காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து அவர் மறுபடி மூட்டை ஏற்றினார். முதல் வாரத்திலேயே வண்டி இரண்டு தடவை வாசலை அடைத்துக்கொண்டு அணைந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தார்கள். தொழிற்சாலை மேலாளர் இறங்கி வந்து, சத்தம் போடாமல், இன்னொரு தடவை இப்படி நின்றால் இந்த வண்டி இனிமேல் வாசலுக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அறுபது வயதில், இருபத்தெட்டு வயது லாரியோடு, வேறெங்கே போய் நடை கேட்பது? பாத்துக்கலாம் என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. மறுநாள் காலை வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போனார்.

மெக்கானிக் ஒடிசலான ஆள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வேலை நடக்கும்போது பேச்சும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பானர் பிடிக்காது. அன்றைக்கு அண்ணி போன விஷயம் தெரிந்திருந்ததால் பேச்சைக் குறைத்துக்கொண்டார். "அண்ணே, மேல ஏறி லேசா மிதிச்சுப் பிடிங்க. முழுசா வேண்டாம், விட்டுடவும் வேண்டாம். நான் பாக்கிற வரைக்கும் அணையக் கூடாது."

ஏறி உட்கார்ந்தார். வலது காலைப் பெடலில் வைத்தார்.

டீசல் வடிகட்டியை மாற்றியும் நடுக்கம் போகவில்லை. ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் அணையாதே என்று அவர் கேட்டதற்கு, காய்ச்சல்காரனைப் போர்வையால் மூடிவிட்டுக் குணமாகிவிட்டது என்கிற கதை அது என்றார் மெக்கானிக். பிறகு டீசல் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். எதைத் தளர்த்தினாலும் எஞ்சின் ஒரே மாதிரி தொய்ந்தது. ஆக எல்லா சிலிண்டரும் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, கோளாறு அதற்கும் முன்னால் எங்கேயோ இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

மேலே இருந்தவருக்குப் பத்து நிமிஷத்தில் கெண்டைக்கால் இறுகியது. இருபது நிமிஷத்தில் முழங்கால் தானாக ஆடத் தொடங்கியது. எஞ்சின் சூடு தரைத் தகரம் வழியாக உள்ளங்காலில் ஏறியது. நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர்தான், ஆனால் ஓட்டுவது வேறு, இது வேறு. ஓட்டும்போது கால் போய் வந்து கொண்டிருக்கும். இதில் கால் ஒரே இடத்தில் செத்துக் கிடக்க வேண்டும், புத்தி மட்டும் விழித்திருக்க வேண்டும். பொறுக்க முடியாமல் ஒரு வினாடி காலை எடுத்தார். எஞ்சின் அணைந்தது. அடியிலிருந்து மெக்கானிக், "விடாதீங்கண்ணே" என்றார். அவர் வெளியே வந்து நின்றுகொள்ள, பட்டறை ஆட்கள் வண்டியைத் தள்ளி எழுப்பிவிட்டுப் போனார்கள்.

குதிகால் எரிந்தது. அண்டக் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று கீழே துழாவியபோது, நாலாக மடித்த மாவுச் சாக்கு ஒன்று கையில் பட்டது. புதிது இல்லை. இடைஞ்சலாக இருக்கிறது என்று அவர் தினமும் காலால் ஒதுக்கித் தள்ளுகிற சாக்குதான். இழுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். அதில் ஏற்கெனவே ஒரு பள்ளம் இருந்தது, அவருடைய குதிகாலைவிடச் சின்னதாக.

சுவரில் கடிகாரம் இருந்தது. நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் தினமும் இரண்டு மணி நேரம் இருந்தாள் என்று அவருடைய மனம் ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கணக்குப் போட்டது.

கீழே மெக்கானிக் டீசல் வரும் வழியில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைப் பொருத்தியிருந்தார். அதற்குள் டீசலோடு சின்னச் சின்னக் குமிழ்கள் ஓடுவது தெரிந்தது. "அப்படிப் போடு. ஏர் வாங்குதுண்ணே." ஓடுகிற வேகத்தில் அந்தக் காற்று தெரியாது, நிற்கும்போதுதான் எஞ்சினை மூச்சுத் திணற வைக்கும் என்று விளக்கினார். குழாயைத் தடவிக்கொண்டே போய், பம்ப் அருகில் ஒரு மூட்டில் விரலை நிறுத்தினார். இரண்டு செம்பு வாசர் தேய்ந்து தகடாகியிருந்தன. விரல் மோதிரத்தைவிடச் சின்ன வளையங்கள். அவ்வளவுதான், அரை மணி வேலை என்றார். ஆனால் இந்த அளவு தன்னிடம் இல்லை, கடைக்குத்தான் போக வேண்டும்.

பழைய சாமான் ஏதாவது கிடக்கும் என்று அவர் முன்பக்கப் பெட்டியைத் திறந்தார். அவள் போனபின் அதைத் திறக்கவில்லை. தைலப் புட்டி, ஒரு சீப்பு, ஊசி நூல், அதற்கடியில் நூல் சுற்றிய காகிதப் பொட்டலம். பிரித்தார். இரண்டு செம்பு வாசர்கள், புதுசு மங்காமல் இருந்தன. கூடவே ஒரு துண்டுச் சீட்டில் அளவு எழுதியிருந்தது.

மெக்கானிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். தன்னுடைய கையெழுத்து. பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது.

"அண்ணி வந்திருந்தாங்கண்ணே. மூணு வருஷம் இருக்கும். தனியா நடந்து வந்தாங்க. வண்டி எப்படி உதறுதுன்னு வாயாலயே சத்தம் போட்டுக் காட்டினாங்க. பட்டறையே சிரிச்சுது. ஏர்தான் வாங்கும்னு நான்தான் அளவு எழுதிக் குடுத்தேன். வண்டிய ஒரு மணி நேரம் கொண்டாங்கன்னேன். கூட்டிக்கிட்டு வரேன்னு போனாங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு நாள் தலைவாரிக்கொண்டே, சாமான் வாங்கி வைத்துவிட்டேன், ஒரு மணி நேரம்தான் ஆகுமாம் என்றாள். அவர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். என்ன சாமான் என்றுகூடக் கேட்கவில்லை. பாத்துக்கலாம் என்றார்.

மெக்கானிக் அவளுடைய வாசர்களையே மாட்டினார். காற்றை வெளியேற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்து, காலை எடுக்கச் சொன்னார். அவர் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோதுதான் எடுத்தார். எஞ்சின் ஒரு கணம் தாழ்ந்து, நிமிர்ந்து, ஒரே சீராக ஓடியது. யாரும் மிதிக்கவில்லை. பெடல் தன் பாட்டுக்கு நிமிர்ந்து நின்றது. அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, பட்டறை ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல், விக்கி விக்கி அழுதார். தள்ளிப்போட்டதெல்லாம் அவளுடைய காலின் மேல் விழுந்திருக்கிறது. அரை மணி வேலை. அதற்குப் போய் ஆறு வருஷம். மெக்கானிக் ஸ்பானரைத் துடைப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ரொட்டித் தொழிற்சாலை வரிசையில் வண்டி அசையாமல் ஓடிக்கொண்டு நின்றது. மற்ற ஓட்டுநர்கள் மதில் நிழலிலிருந்து கையசைத்தார்கள். அவர் இறங்கிப் போகவில்லை, அரை மணியும் வண்டிக்குள்ளேயே இருந்தார்.

வாசலில் காவலாளி நோட்டோடு வந்தார். வண்டி இன்றைக்கு நன்றாக நிற்கிறதே என்று சந்தோஷப்பட்டார். எண்ணை எழுதினார், ஓட்டுநர் பெயரை எழுதினார். பழக்கத்தில் கை மூன்றாவது கட்டத்தில் கோட்டை இழுத்தது. அப்புறம்தான் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, போனவளை ஞாபகப்படுத்திவிட்டோமோ என்று தப்பு செய்தவர் போல நிமிர்ந்தார்.

"பரவால்லைங்க. இன்னைக்குப் போட்ட கோடு சரிதான்," என்றார் அவர். "இதுக்கு முன்னாடி போட்டதெல்லாம்தான் தப்பு."

காவலாளிக்குப் புரியவில்லை. பின்னால் வரிசை காத்திருந்ததால் வழிவிட்டார். அவர் வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சரக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். நாலடி நடந்ததும் பழக்கத்தில் திரும்பி, கண்ணாடி வழியாக ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார்.