குட்டிப் பிஸ்டலும் என் பகல் ஷிப்டும்

இரண்டாயிரத்துகளின் நடுவில், கியூபெக்கின் புவாண்ட்-கிளேரில் ஒரு சரக்குக் கிடங்கில் எனக்கு மாலை ஷிப்ட். அந்த வருடம் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஹொக்கிப் பேச்சைத் தள்ளிவிட்டு ஒரு பிஸ்டல் வந்து உட்கார்ந்துகொண்டது. இருபத்திரண்டு காலிபர், புதிதாகச் சந்தைக்கு வந்தது, துப்பாக்கிக் குடும்பத்தின் கடைக்குட்டி. முதலில் வந்ததின் குழல் இந்த நாட்டுச் சட்டத்துக்கு விரற்கடை கட்டையாம். நீளக் குழல் வரட்டும் என்று கிடங்கில் எல்லோரும் மாதக்கணக்கில் ஏங்கினார்கள். வந்ததும் திட்டத் தொடங்கினார்கள்.

எங்கள் போர்மன்தான் அதை முதலில் வாங்கியவர். ஐம்பது தாண்டிய கியூபெக்காரர், சுடும் கிளப்பில் பழைய அங்கத்தவர்.

“கையுக்குள்ள கோழிக்குஞ்சு மாதிரி இருக்குது. உதைக்காது. குண்டும் மலிவு, நாள் முழுக்கச் சுடலாம்” என்பார்.

“பிளாஸ்டிக்” என்பார் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். கடமான் வேட்டைக்குப் போகிற ஆள். பெரிய துவக்கைத் தவிர வேறெதையும் மதிக்கமாட்டார். “என்ர மனிசி தலைமயிர் காயவைக்கிற மெஷின் இதைவிடப் பாரம். அணிலுக்குச் சுட்டால் அது திரும்பி நிண்டு சிரிக்கும்.”

“முதல் வருசத்துச் சாமான் எல்லாம் சுடேக்க இறுகும், பொறுத்து வாங்கியிருக்கலாம்” என்பார் இன்னொருவர். இப்படி ஒரு முழு இடைவேளை போய்விடும். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள்.

“நீ சொல்லு. நீ யுத்தத்தில இருந்து வந்தவன்.”

இதுதான் எனக்கு எரிச்சல். இலங்கைத் தமிழன் என்றால் தொட்டிலிலேயே துவக்கோடு பிறந்தவன் என்று நினைப்பு. எனக்குத் துவக்கின் முன்பக்கம் மட்டும்தான் பழக்கம். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க எந்த ஆமிக்காரனும் விட்டதில்லை. இருந்தும் போர்மனின் முகத்தைப் பார்த்து, “நல்ல சாமான்” என்றேன். அவர் மேசையில் தட்டி, “கேட்டீங்களோ!” என்றார்.

அவரைக் குளிர்விக்க எனக்குக் காரணம் இருந்தது. பகல் ஷிப்டில் ஒரு இடம் காலியாகப் போகிறது; அதை யாருக்குக் கொடுப்பது என்பது அவர் கையில். நான் வீடு திரும்பும்போது என் மகள் நித்திரை. காலையில் நான் எழும்பும்போது மனைவி அவளைக் கார்தெரியில், பிள்ளைக் காப்பகத்தில், விட்டுவிட்டு, கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயிருப்பாள். கிழமை நாட்களில் நான் பிள்ளையைப் பார்ப்பது கண் மூடியபடிதான். ஒரு சனிக்கிழமை காலை அவள் என்னைப் பார்த்து, கடைக்காரருக்கு வணக்கம் சொல்வதுபோல் மரியாதையாக, பிரெஞ்சில், “போன்ஷூர்” என்றாள். அன்றைக்கே முடிவெடுத்தேன், பகல் ஷிப்ட் கேட்கிறதென்று.

ஆனால் எங்கட ஆக்கள் ஒரு காரியத்தை நேரே கேட்பார்களா? ஒருத்தரிடம் உதவி வேண்டுமென்றால் அவர் வீட்டு விசேசத்துக்குப் போகவேண்டும், கை நிறைய ஏதாவது கொண்டுபோகவேண்டும், சுகம் விசாரிக்கவேண்டும், வந்த விசயத்தை மட்டும் வாயே திறக்கக்கூடாது. எழும்பும்போது அவரே, “பேந்து, அந்த அலுவலைப் பார்ப்பம்” என்பார்; பேந்து என்றால் பிறகு. எங்களுக்கு இதுதான் விண்ணப்பம்.

ஆகவே போர்மன், “சனிக்கிழமை கிளப்புக்கு வா, சுட்டுப் பார்க்கலாம்” என்றதும் எனக்குக் கலியாண வீட்டுக்கு அழைப்பு வந்த மாதிரி இருந்தது.

“உங்களுக்குப் பட்டாசுக்கே கை நடுங்கும். அங்க போய் என்னப்பா செய்யப்போறீங்கள்?” என்றாள் மனைவி.

“ஷிப்ட் கேக்கப் போறன்.”

“அதை வேலையில வைச்சுக் கேக்கேலாதே?”

“உமக்கு இந்த நுணுக்கமெல்லாம் விளங்காது. மீன் ரோல்ஸ் கொஞ்சம் சுட்டுத் தாரும்.”

கிளப் நகரத்துக்கு வெளியே சோளக்காட்டுக்கு நடுவில் இருந்தது. பிஸ்டல் பூட்டுப் போட்ட பெட்டியில் போர்மனின் காரின் பின்பக்கம். பழித்தவரும் சுட்டுப் பார்க்கட்டும் என்று போர்மன் கூட்டிவந்த போர்க்லிப்ட்காரர் முன் சீற்றில், நான் பின்னால் ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. வாசலில் ஒரு தடுப்புக் கம்பம், பக்கத்தில் சின்னக் கொட்டில், அதற்குள் தொப்பி போட்ட ஒருவர். கார் மெதுவானது. அவ்வளவுதான், என் மூளை வேலையை விட்டுவிட்டது, கால் பொறுப்பெடுத்தது. கதவைத் திறந்து இறங்கி, அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்தபடி கம்பத்தைத் தாண்டி நடந்தேன். ஊரில் ஆமிக்காரரின் சென்றியில், அந்தச் சோதனைச்சாவடியில், வாகனம் தனியாக, ஆட்கள் தனியாக நடக்கவேண்டும் என்பது எனக்குள் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. தொப்பிக்காரர் ஒரு கிழவர். கையில் கோப்பிக் கோப்பை. என்னைப் பார்த்து, “மெர்சி” என்று நன்றி சொன்னார். வேறென்ன சொல்வார், பாவம்.

“கால் நோகுதோ?” என்று போர்மன் காருக்குள்ளிருந்து கேட்டார்.

“கொஞ்சம் காற்று வாங்குறன்” என்றேன்.

உள்ளே காதுமூடி தந்தார்கள். போர்க்லிப்ட்காரர் முதலில் சுட நின்றார். போர்மன் என் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஷிப்டைப் பற்றித்தான் இருக்கும்! ஒரு பக்கக் காதுமூடியைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்துப் பிஸ்டல் வெடித்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தது சீமெந்துத் தரையும் போர்மனின் சப்பாத்தும். ரோல்ஸ் பெட்டியை நெஞ்சுக்கடியில் பாதுகாத்திருந்தேன். அணில் சிரிக்கும் என்றார்களே, அந்தக் கடைக்குட்டிக்கு நான் அட்டாங்க நமஸ்காரம் செய்துகொண்டிருந்தேன்.

“தபர்நாக்!” என்று அவர்கள் ஊர் வசைச்சொல்லைக் கத்தினார் போர்மன். கோபத்தில் அல்ல, வெற்றியில். போர்க்லிப்ட்காரரைப் பார்த்து, “விளையாட்டுச் சாமான் எண்டியே? யுத்தம் கண்ட மனுசன் விழுந்து படுத்திருக்கிறான், பார்!”

பிறகு என்னையும் சுட வைத்தார், பக்கத்திலேயே நின்று. கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். இலக்குக் காகிதத்தில் ஒரு கீறலும் இல்லை.

“அவ்வளவு காலம் யுத்தத்துக்குள்ள இருந்தும் ஒண்டும் படேல்லையா?” என்று போர்க்லிப்ட்காரர் நக்கலடித்தார்.

“நான் சுடுற பக்கம் நிண்டதில்லை. அந்தக் காகிதத்தின்ர பக்கம்.”

 இருவரும் சிரித்தார்கள். ரோல்ஸ் முடிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம், “பேந்து, அந்த அலுவல்” வரும் வரும் என்று காத்திருந்தேன். பிஸ்டலின் குதிரையை விரலால் இழுப்பது எவ்வளவு இலேசு என்ற பேச்சுத்தான் வந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனால் போர்க்லிப்ட்காரர் வீட்டுக்குப் புறப்படுகிறார். அவருக்குப் பகல் ஷிப்டாம். அந்தப் பிஸ்டலை மேசை மேசையாகக் கேவலப்படுத்திய மனுசனுக்கு! நேரே போர்மனிடம் போனேன்.

“அவருக்கு ஏன் குடுத்தனீங்கள்?”

“அவன் கேட்டான்.”

“நானும்தான் கேட்டனான்.”

“எப்ப?”

“சனிக்கிழமை வந்தேனே! ரோல்ஸ் கொண்டுவந்தேனே!”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் குழப்பம்; பிறகு அதைவிட மோசமான ஒன்று. முகம் வாடிவிட்டது.

“அப்ப பிஸ்டலுக்காக வரேல்லையா நீ?” என்றார் மெதுவாக. “என்ர பக்கம் நிண்ட ஒரே ஆள் நீ எண்டு நினைச்சன்.”

பாருங்கள் என் விதியை. ஷிப்டைப் பறிகொடுத்தவன் நான். ஆறுதல் சொல்லவேண்டியவனும் நானே. அவர் தோளில் கை வைத்து, “அது நல்ல சாமான்தான். எனக்குத் துவக்கு எண்டால் பயம், அவ்வளவுதான். எனக்குப் பகல் ஷிப்ட் வேணும். என்ர பிள்ளையை நான் முழிப்பில பார்க்கிறதில்லை” என்றேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது. வாய் கூசியது, உடுப்பில்லாமல் நின்ற மாதிரி.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே” என்றார். “அடுத்த இடம் காலியானால் உனக்குத்தான்.”

“எப்ப காலியாகும்?”

“ஆராவது விட்டுப் போனால்.”

இடைவேளையில் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

“கேட்டனீங்களோ?” என்றாள் மனைவி.

“ஓம். இப்பதான் கேட்டனான்.”

“இப்பவோ? அப்ப சனிக்கிழமை என்னத்துக்கப்பா போனனீங்கள்?”